கொரொஸ் என்ற கிரேக்கச் சொல்: அது ஆடலா, ஆடும் இடமா? பெரிகோரேசிஸில் நடனம் உண்டா?

பெரம்பூர் பாடகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் பாடகர் குழு வெளியிடவிருக்கும் ஆண்டு மலரில், 'கொயர்' என்ற பெயரின் வரலாற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கொயர், கோரஸ், கோரியோகிராஃபி ஆகிய மூன்றும் நடனத்தைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை என்று அகராதியில் பார்த்தேன். நின்ற இடத்தில் நின்று பாடும் குழுவுக்கு நடனத்தின் பெயர் எப்படி வாய்த்தது என்பது எனக்கு விளங்கவில்லை. எங்கள் குழுவில் தாளத்துக்குத் தோளை அசைத்தாலே மூத்தவர்கள் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள்.

இரண்டாவது ஐயம் இதைவிடப் பெரியது. மூவொரு இறைவன் பெருவிழாவன்று வெளியூரிலிருந்து வந்திருந்த குரு ஒருவர் தம் மறையுரையில், தந்தையும் மகனும் தூய ஆவியும் ஒருவருக்குள் ஒருவர் உறைவதைக் கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் 'பெரிகோரேசிஸ்' என்ற சொல்லால் குறித்தனர் என்றும், 'சுற்றிச் சுற்றி ஆடுதல்' என்பதே அதன் நேர்ப்பொருள் என்றும் விளக்கினார். கேட்பதற்கு மிக அழகாக இருந்ததால் அதையே கட்டுரையின் முடிவாக வைக்கலாம் என்று நினைத்தேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கிரேக்கம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது என்று இங்கே எழுதுகிறேன்.

ராயபுரம் ஓய்வாசிரியர் எழுதியது:

சகோதரி அவர்களுக்கு வணக்கம். குருமடத்தில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மலர் அச்சேறிவிட்டால் திருத்த இயலாது என்பதால் இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பெரிகோரேசிஸ் என்ற சொல்லில் நடனம் இல்லை. ஆங்கில எழுத்தில் இரண்டு சொற்களும் ஒரே எழுத்துக்கூட்டோடு தெரிவதால் பிறந்த குழப்பம் இது. தமிழில் எழுதிப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்பட்டுவிடும். நடனத்தைக் குறிக்கும் சொல் கொரொஸ். அதன் இரண்டு ஒகரங்களும் குறில். கிரேக்கர் அதை ஒமிக்ரான் என்ற எழுத்தால் எழுதுவர். பெரிகோரேசிஸில் இருப்பதோ நெடில் ஓகாரம், அதாவது ஒமேகா. அது 'இடம்' என்று பொருள்படும் கோரா என்ற பெயர்ச்சொல்லோடும், 'இடங்கொடு, கொள், முன்செல்' என்று பொருள்படும் கோரெயோ என்ற வினையோடும் உறவுடையது. கானாவூர் திருமணத்தில் வைக்கப்பட்டிருந்த ஆறு கற்சாடிகள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் நீர் 'கொள்ளும்' என்று யோவான் 2:6 சொல்லும் இடத்தில் வருவது இந்த வினைதான். 'பெரி' என்பது 'சுற்றி' என்னும் முன்னொட்டு. ஆகவே பெரிகோரேசிஸ் என்பது ஒன்று மற்றொன்றுக்கு முழுவதும் இடங்கொடுத்து, ஊடுருவி, அதே வேளையில் அதனோடு கலந்து கரைந்துவிடாமல் நிற்பதைக் குறிக்கிறது. 'சுற்றி ஆடு' என்று சொல்ல விரும்பிய கிரேக்கருக்குப் பெரிகொரெயுவோ என்ற வேறொரு வினை கையிலேயே இருந்தது. திருச்சபைத் தந்தையர் இந்தக் கோட்பாட்டுக்கு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு கிளைச்செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஏதென்ஸ் நகரம் கி.மு. 403ஆம் ஆண்டு வாக்கில்தான் ஒமேகாவை அரசு முறையாக ஏற்றது. அதற்கு முந்தைய ஏதென்ஸ் கல்வெட்டுகளில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்துத்தான். நம் ஓலைச்சுவடிகளிலும் இதே நிலை இருந்தது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தும், ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிட, படிப்பவர் இடம் நோக்கி உய்த்துணர வேண்டியிருந்தது. இன்று நாம் காணும் வடிவ வேறுபாடு வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அவருடைய உழைப்பால்தான் இந்த விளக்கத்தை நான் ஒரே வரியில் எழுத முடிந்தது.

வரலாற்றைப் பார்த்தாலும் நடனத்துக்கு இடமில்லை. 4ஆம் நூற்றாண்டில் நாசியான்சு நகர கிரகோரியார், கிளெதோனியுசுக்கு எழுதிய 101ஆம் கடிதத்தில் இந்தச் சொல்லின் வினை வடிவத்தைக் கிறிஸ்துவின் இறைத்தன்மையையும் மனிதத்தன்மையையும் பற்றிப் பேசும்போது கையாண்டார். 7ஆம் நூற்றாண்டில் மாக்சிமுஸ் என்ற கிரேக்கத் துறவி அதைப் பெயர்ச்சொல்லாக வழங்கினார். மூவொரு இறைவனைப் பற்றிய விளக்கத்தில் அதை நிலைபெறச் செய்தவர் 8ஆம் நூற்றாண்டின் தமாஸ்கு நகர யோவான். 12ஆம் நூற்றாண்டில் அவருடைய நூலை லத்தீனுக்குக் கொண்டுவந்த பீசா நகரத்து பர்குண்டியோவும் 'நடந்து செல்லுதல்' என்னும் வேரிலிருந்துதான் சொல் அமைத்தார். நடன விளக்கம் பரவியது 20ஆம் நூற்றாண்டு ஆன்மிக எழுத்துகளில்தான்.

இனிக் கொரொஸ். இச்சொல்லின் மிகப் பழைய வழக்குகளிலேயே ஆடல் என்ற பொருளோடு ஆடுகளம் என்ற பொருளும் சேர்ந்து வருகிறது. ஹோமரின் ஒடிசி 8ஆம் பகுதியில் ஃபயாக்கியர் என்ற மக்கள் தம் விருந்தினருக்கு ஆடிக்காட்ட முற்படும்போது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது பேர் எழுந்து 'கொரொஸைச் சமப்படுத்தினார்கள்' என்று வருகிறது. சமப்படுத்த முடிவது தரையைத்தானே. இலியட் 18ஆம் பகுதியில் அக்கிலீஸின் கேடயத்தில் பொறிக்கப்பட்ட காட்சிகளுள் ஒன்று, கிரீட் தீவின் குனோசோஸ் நகரில் அரியாட்னிக்காக தைதாலோஸ் அமைத்த கொரொஸைப் போன்றது என்கிறார் ஹோமர். இளைஞரும் கன்னியரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றி ஆடுகிறார்கள்; பெண்கள் மெல்லிய ஆடையும் தலையில் மாலையும் அணிந்திருக்கிறார்கள்; ஆண்களின் இடையில் வெள்ளி வார்களில் பொன் குறுவாள்கள் தொங்குகின்றன; குயவர் தம் சக்கரம் ஓடுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்ப்பதுபோல அவர்கள் வட்டமாகச் சுழல்கிறார்கள். எலூசிஸ் நகரில் பெண்கள் முதன்முதலில் அம்மனுக்கு ஆடிப்பாடிய கிணற்றடிக்குக் கல்லிகொரொன், அதாவது 'அழகிய கொரொஸ்', என்றே பெயர் இருந்ததாகப் பௌசானியஸ் என்ற கிரேக்கப் பயண எழுத்தாளர் குறிக்கிறார்.

வேர்ச்சொல்லைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. 'வளைத்து அடைத்த இடம்' என்று பொருள்படும் பழைய வேரோடு இணைத்து, கால்நடைத் தொழுவத்தைக் குறிக்கும் கிரேக்கக் கொர்தொஸ், தோட்டத்தைக் குறிக்கும் லத்தீன் ஹோர்துஸ் ஆகியவற்றை அதன் உறவாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது, ஏனெனில் ஹோமரின் வழக்கு அந்தத் திசையைத்தான் காட்டுகிறது. பிளாட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் மகிழ்ச்சி என்று பொருள்படும் கரா என்ற சொல்லிலிருந்து கொரொஸ் வந்தது என்கிறார், அது சொல்விளையாட்டு. ஆனால் அதே இடத்தில் கொரொஸில் பயிலாதவரையும் கல்வியில்லாதவரையும் அவர் ஒன்றாகவே வைக்கிறார் என்பதை உங்கள் குழுவின் மூத்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் முதல் ஐயத்துக்கான விடை இதிலேயே இருக்கிறது. கொரொஸ் என்றால் வெறும் ஆடல் என்று கிரேக்கர் எண்ணவில்லை. ஒரு குழு வட்டமாகவோ அணியாகவோ நின்று ஒரே நேரத்தில் பாடி ஆடுவது அது. ஏதென்ஸில் தியோனிசோஸ் விழாவின் வட்டக் கொரொஸில் 50 பேரும், துன்பியல் நாடகத்தில் முதலில் 12 பேரும் நாடக ஆசிரியர் சோஃபொக்ளீஸ் காலம் முதல் 15 பேரும், நகைச்சுவை நாடகத்தில் 24 பேரும் இருந்தனர். சொல் லத்தீனுக்குப் போய்த் திருச்சபைக்குள் நுழைந்த காலத்தில் கால்கள் ஓய்ந்து குரல் மட்டும் எஞ்சியது.

விவிலியத்திலும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. குழுவாக ஆடினால் கொரொஸ். ஒருவர் தம் உடலை அசைத்து ஆடினால் ஒர்கெய்ஸ்தாய் என்ற வினை. செங்கடலைக் கடந்தபின் மிரியாமும் பெண்களும் ஆடியதற்கும், 150ஆம் திருப்பாடலில் மத்தளத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆடலுக்கும் கிரேக்க மொழிபெயர்ப்பில் கொரொஸ் வருகிறது. ஏரோதின் விருந்தில் ஏரோதியாவின் மகள் ஆடியதற்கும், பேழையின் முன் தாவீது ஆடியதற்கும் வருவது ஒர்கெய்ஸ்தாய். புதிய ஏற்பாட்டில் கொரொஸ் ஒரே ஒரு முறைதான் வருகிறது: லூக்கா 15:25இல், வயலிலிருந்து திரும்பும் மூத்த மகன் வீட்டை நெருங்கும்போது கேட்பது அதைத்தான்.

வியாசர்பாடி நாடகக்காரர் எழுதியது:

ஐயா அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. நாடகப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒர்கெய்ஸ்தாய் என்ற வினையிலிருந்து வந்ததுதான் ஒர்கேஸ்த்ரா. அது கிரேக்க அரங்கில் கொரொஸ் ஆடிய தரையின் பெயர். எபிதௌரோஸில் ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமுள்ள முழு வட்டமாக அதை இன்றும் காணலாம். ரோமர் அந்த இடத்தில் செனட் உறுப்பினர்களை உட்காரவைத்தார்கள்; பிற்கால ஐரோப்பிய இசைநாடக அரங்குகளில் மேடைக்கு முன்னால் இசைக்கருவியாளர்கள் அமர்ந்தார்கள்; பின்னர் அவர்களே ஆர்கெஸ்ட்ரா ஆனார்கள். எங்கள் பகுதியில் ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவில் ஆர்கெஸ்ட்ரா மேடையில் இருக்க, பையன்கள் மேடைக்கு முன்னுள்ள வெற்றுத் தரையில் ஆடுகிறார்கள். கிரேக்கன் வந்தால் அவர்கள் நிற்கும் இடத்தைத்தான் ஒர்கேஸ்த்ரா என்பான்.

இந்த வினையை வைத்து வரலாற்றாசிரியர் ஹெரொதொட்டஸ் சொல்லும் ஒரு கதை உண்டு. சிக்யோன் நகரத்து ஆட்சியாளன் கிளைஸ்தெனீஸ் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடி, கிரேக்க நாடெங்கும் இருந்து வந்தவர்களை ஓராண்டு வீட்டில் வைத்துச் சோதித்தான். எல்லோரிலும் முந்தி நின்றவன் ஏதென்ஸின் ஹிப்போகிளைதீஸ். முடிவுநாள் விருந்தில் மது ஏறியதும் அவன் ஒரு மேசையைக் கொண்டுவரச் சொல்லி அதன்மீது ஆடினான். பிறகு தலைகீழாக நின்று கால்களால் அபிநயம் பிடித்தான். 'நீ உன் திருமணத்தை ஆடித் தொலைத்துவிட்டாய்' என்றான் மாமனாராக இருந்திருக்க வேண்டியவன். 'ஹிப்போகிளைதீஸுக்குக் கவலையில்லை' என்றான் இவன். அந்த விடை கிரேக்கரிடையே பழமொழியாகிவிட்டது. இந்த ஆட்டத்தைக் கொரொஸ் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சேர்ந்து ஆட அங்கே வேறொருவரும் இல்லை.

கொரொஸுக்குப் பணம் கொடுத்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏதென்ஸில் செல்வந்தர் ஒருவர் கொரேகொஸ் என்ற பொறுப்பை ஏற்று, குழுவினரின் பயிற்சிக்கும் ஆடைக்கும் தம் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். நம் கோயில் விழாக்களின் உபயதாரரைப் போன்றவர் அவர். டியூப்லைட்டில் பெயர் எழுதி மாட்டும் ஆசையும் அவருக்கு இருந்தது. கி.மு. 335–334இல் வென்ற லிசிக்ராத்தீஸ் என்பவர் எழுப்பிய வட்டவடிவ நினைவுச் சின்னம் இன்றும் ஏதென்ஸில் நிற்கிறது. கொரேகொஸ் லிசிக்ராத்தீஸ், வென்றவர்கள் அக்கமந்திஸ் குலத்துச் சிறுவர்கள், குழல் வாசித்தவர் தேயோன், பயிற்றுவித்தவர் லிசியாதீஸ், அவ்வாண்டின் ஆட்சித்தலைவர் எவைனெத்தோஸ் என்று அதில் பொறித்திருக்கிறது. ஆடிய சிறுவர்கள் ஒருவருடைய பெயரும் இல்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது எரிச்சல் வரும்.

கோரியோகிராஃபி இவற்றோடு ஒப்பிட்டால் மிக இளைய சொல். 1700இல் பாரிஸில் ஃபெய்யே என்பவர் ஆட்ட அடவுகளைக் கோடுகளாலும் குறிகளாலும் தாளில் எழுதும் முறைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். 'ஆட்டத்தை எழுதுதல்' என்பதே அப்போதைய பொருள்; ஆட்டத்தை அமைத்தல் என்பது பின்னால் வந்தது.

தண்டையார்பேட்டை தமிழன் எழுதியது:

வட்டமாகக் கைகோத்து, பாடிக்கொண்டே, ஆடுதல் என்ற மூன்றும் நம் குரவைக் கூத்தின் இலக்கணம் அல்லவா? குரவை, கொரொஸ் என்று ஒலியும் நெருங்கி வருகிறது. யவனர் நம் துறைமுகங்களுக்கு வந்து போனதைச் சங்க இலக்கியம் பாடுகிறது. ஆகவே இந்தச் சொல் இங்கிருந்துதான் அங்கே போயிருக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

வண்ணைத் தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, கூத்தின் அமைப்பில் நீங்கள் கண்ட ஒற்றுமை உண்மையானது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் குடத்திலிட்ட பால் உறையாமலும், ஆனேற்றின் கண்களில் நீர் வடிந்தும் தீக்குறிகள் தோன்ற, மாதரி கண்ணகி காணும்படி குரவை ஆடச் செய்கிறாள். எழுவர் வட்டமாக நிற்கிறார்கள். அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களே இடப்படுகின்றன. குரல் மாயவனாகவும், இளி பலதேவனாகவும், துத்தம் நப்பின்னையாகவும் பாவிக்கப்படுகிறார்கள். ஆடுவோரே பாட்டின் சுரங்களாக நிற்கும் இந்த ஏற்பாட்டைப் பிளாட்டோ கண்டிருந்தால் தம் நூலில் ஓர் அத்தியாயம் கூட்டியிருப்பார். தொல்காப்பியம் தேரின் முன்னும் பின்னும் ஆடும் முன்தேர்க் குரவை, பின்தேர்க் குரவை என்பவற்றையும் குறிக்கிறது. கிரேக்கருக்கும் பிரிக்கே என்ற படைக்கல ஆட்டம் இருந்தது.

ஆனால் சொல் உறவு வேறு வழக்கு. ஹோமரின் காவியங்களில் கொரொஸ் ஏற்கெனவே முதிர்ந்த சொல்லாக, ஆடல், ஆடுகளம் என்ற இரு பொருளோடு புழங்குகிறது. யவனக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வரத் தொடங்கியதோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னால். இங்கிருந்து அங்கே போனதாகக் கொள்ளக் காலம் இடங்கொடுக்கவில்லை. அங்கிருந்து இங்கே வந்ததாகக் கொள்ளவும் சான்று இல்லை. கடன் வாங்கிய சொற்கள் எப்படி வரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்: சோதிடத்தில் வழங்கும் ஓரை, கேந்திரம் ஆகிய இரண்டும் கிரேக்க ஹோரா, கென்ட்ரோன் என்பவற்றிலிருந்து வடமொழி வழியாக வந்தவை, அவற்றோடு அந்தக் கணக்கு முறையும் சேர்ந்து வந்தது. மலைக் குறவரும் முல்லை நிலத்து ஆயரும் தம் தெய்வத்துக்கு ஆடிய கூத்தின் பெயருக்கு அப்படி ஒரு வழி தென்படவில்லை. கைகோத்து வட்டமாக ஆடுவதற்கு எந்த மக்களும் பிறரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ருமேனியாவில் வட்டமாக ஆடும் ஆட்டத்துக்கு ஹோரா என்று பெயர், பல்கேரியாவில் ஹோரோ. இவை கொரொஸோடு சேர்த்துக் காணப்படும் சொற்கள். நம் பஞ்சாங்கத்து ஓரை வேறு.

கிரேக்கருடைய கொரொஸ் நம் பக்கம் வந்த ஓர் இடத்தை வேண்டுமானால் காட்டுகிறேன். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேட்டில் கிடைத்து 1903இல் அச்சான 413ஆம் எண் பாப்பிரஸ் தாளில் ஒரு கேலி நாடகம் இருக்கிறது. காரித்தியோன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரை ஒன்றில் சிறைப்பட்டிருக்கிறாள். அவளை மீட்க வந்தவர்கள் அந்நாட்டு மன்னனுக்கு நீர் கலக்காத மதுவைக் கொடுத்து மயக்குகிறார்கள். போதை ஏறிய மன்னன், நிலவுத் தெய்வத்தை விளித்து, 'அளவற்ற பார்பரக் (கிரேக்கரல்லாதாரின்) கொரொஸை நடத்துகிறேன்' என்று கிரேக்கத்திலேயே பாடி ஆடுகிறான். இடையிடையே முழவு அடிக்கும் குறிப்புகள் உள்ளன. பிற பாத்திரங்கள் பேசும் புரியாத மொழி பழங்கன்னடம் என்று சிலர் வாதிட்டார்கள். அதற்கு எதிர்ப்பும் உண்டு.

ஸ்டான்லியின் பழைய மாணவர் எழுதியது:

மருத்துவத்திலும் இந்தச் சொல் உயிரோடிருக்கிறது. கொரொஸிலிருந்து வந்த கொரெயா என்ற சொல்லை, கை கால்கள் தம் விருப்பமின்றித் துள்ளி அசையும் நோய்க்கு வைத்திருக்கிறோம். 1686இல் சிடன்ஹாம் விவரித்த வகை, தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு விளைவு; பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்கு, அதிலும் சிறுமிகளுக்கு வருவது. 1872இல் ஹன்டிங்டன் விவரித்தது பரம்பரை நோய். முதல் வகையில் குழந்தையின் கையெழுத்து கோணலாகும், தட்டு கைநழுவும். வீட்டில் குறும்பு என்று அடிப்பார்கள். நம் இரண்டு விரலை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் பிடி இறுகித் தளர்ந்து மீண்டும் இறுகும். பால் கறப்பது போன்ற அந்த அசைவை ஒருமுறை உணர்ந்தவர் மறக்க மாட்டார். இத்தகைய குழந்தைக்கு இதயத்தையும் சோதிக்க வேண்டும் என்பதை இவ்விடத்தில் சொல்லிவைப்பது நல்லது.

பெரம்பூர் பாடகி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பெரிகோரேசிஸ் பகுதியை நீக்கிவிட்டேன். ஆயினும் கட்டுரையின் முடிவுக்கு ஏதாவது ஒன்று வேண்டும். பழைய திருச்சபையில் இயேசுவையும் நடனத்தையும் இணைத்த எழுத்து ஒன்றுமே இல்லையா, ஐயா?

ராயபுரம் ஓய்வாசிரியர் எழுதியது:

இருக்கிறது, ஆனால் பங்கு மலருக்கு உதவாது. 'யோவான் பணிகள்' என்ற புறநூலில், கைதாவதற்கு முன் இயேசு சீடர்களைக் கைகோத்து வட்டமாக நிற்கச் செய்து, நடுவில் தாம் நின்று பாட, அவர்கள் ஆமென் சொல்லிச் சுற்றிவருகிறார்கள். 'அருள் ஆடுகிறது' என்று அதில் ஓர் அடி உண்டு, அந்த வினை கொரொஸிலிருந்து வந்ததுதான். அந்த நூலை 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் கண்டித்து ஒதுக்கியது. உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

அதைவிட நல்லது ஒன்றை வியாசர்பாடி நண்பர் தம்மை அறியாமலே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொரேகொஸ் செய்த வேலையைக் குறித்த வினை, காலப்போக்கில் ஆடலைவிட்டு விலகி, 'தாராளமாக வழங்கு' என்று பொதுப்பொருள் பெற்றது. 2 கொரிந்தியர் 9:10இல், விதைப்பவருக்கு விதையும் உண்பதற்கு உணவும் வழங்குபவர் கடவுள் என்று பவுல் எழுதும்போது கையாள்வது இந்த வினையைத்தான். இதில் இருப்பது குறில் ஒகரம், உண்மையான கொரொஸ். இன்றைய கிரேக்கத்தில் விளம்பரப் பலகைகளில் நன்கொடையாளரைக் குறிக்க எழுதியிருப்பதும் அதே பழைய பெயர், உச்சரிப்பு மட்டும் ஹொரிகோஸ் என்று மாறியிருக்கிறது. மலரின் பின்னட்டையில் நன்கொடை கொடுத்தோர் பட்டியல் எப்படியும் வரும். கட்டுரையை அதற்கு முந்தைய பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பாடுகிறவர்களின் பெயர்களையும் விடாமல் அச்சிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வியாசர்பாடி நண்பருக்கு மறுபடியும் எரிச்சல் வரும்.